கீனாய் ஆற்றில் மூன்று நாளாகக் கை வெறுமை: சால்மன் பிடித்தவர்கள் சொல்லுங்கள்

அலாஸ்காவில், சோல்டாட்னா பக்கம் இருக்கிறேன். ஜூலை மூன்றாம் வாரம், சாக்கை சால்மன் கூட்டமாக ஏறும் நேரம். பனியாறு உருகி வரும் தண்ணீர், பால் கலந்த நீலம், பார்த்துக்கொண்டே நிற்கலாம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மீன் இல்லாமல் இல்லை. பக்கத்தில் நிற்பவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு மாட்டுவதெல்லாம் முதுகிலோ வாலிலோதான். வாயில் மாட்டாததை விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். நேற்று மட்டும் ஐந்தை விட்டேன். கடைசி ஒன்று முழங்காலில் வாலால் அறைந்துவிட்டுப் போனது.

9 அடி ஃப்ளை ராட் (ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய போலிப் பூச்சி, அதை வீசும் கோல் இது), 20 பவுண்டு தங்கூஸ், தூண்டில் முள்ளுக்கு 3 அடி மேலே ஈயக்குண்டு. சிவப்பு, பச்சை என்று ஃப்ளையை மாற்றிப் பார்த்தேன். முதல் நாள் இடுப்பளவு நீரில் நின்று தூர வீசினேன். அப்புறம்தான் தெரிந்தது, சாக்கை கரையை ஒட்டியே ஏறுமாம், முழங்காலளவுக்குப் பின்வாங்கினேன். கனமான ஈயம் பாறையில் சிக்கி அறுகிறது, லேசானது அடியைத் தொடாமலே போகிறது.

இன்னும் இரண்டு நாள்தான். வாயில் மாட்ட, நான் மாற்ற வேண்டியது ஈயத்தின் எடையையா, ஈயத்துக்கும் முள்ளுக்கும் இடையே உள்ள நீளத்தையா?