வேலியோரத்துக் கொடி

திருநகர் அக்கா (காலை 7.10): எல்லோருக்கும் வணக்கம். எங்கள் புது வாடகை வீட்டின் பின்வேலியில் ஒரு கொடி ஏறியிருக்கிறது. வைத்தது யாரென்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. என் போனில் கேமரா உடைந்து கிடப்பதால் வாயால்தான் சொல்ல வேண்டும். தண்டு பென்சில் கனம். இலை அரைச் சாணுக்கு மேல் நீளம், இரண்டு விரல்கடை அகலம், காம்பே இல்லை. நரம்புகள் மூங்கில் இலையில் போல நீளவாக்கில் ஓடுகின்றன. ஆனியில் குடிவந்தபோது அங்கே வெறும் மண்தான் இருந்தது. மழைக்குப் பிறகு முளைத்தது.

மேலூர் சித்தி: இஞ்சி இனமோ? இலையைக் கசக்கி முகர்ந்து பார்.

திருநகர் அக்கா: பார்த்துவிட்டேன் சித்தி. வெறும் பச்சை வாசம்தான்.

நான்: தண்ணீர்விட்டான் கிழங்காக இருக்குமா அக்கா?

பெரியப்பா: அதன் இலை ஊசி ஊசியாக இருக்கும், தண்டில் முள்ளும் உண்டு. இது வேறு. தாயி, இந்தக் கொடி எதைக் கொண்டு பிடித்து ஏறுகிறது? தண்டே சுற்றிக்கொள்கிறதா?

திருநகர் அக்கா: இல்லை பெரியப்பா. இலையின் நுனியே நூலாக மெலிந்து சுருண்டிருக்கிறது. ஒரு நுனி பக்கத்து முல்லைக்கொடியைப் பிடித்திருக்கிறது. இன்னொன்று கம்பிவலையில் 3 சுற்றுச் சுற்றியிருக்கிறது, இழுத்தாலும் விடவில்லை. அடியில் கிழங்கும் இருக்கிறது. அத்தை நேற்று ஓரமாகத் தோண்டி ஒன்றை எடுத்தார்கள். சிறுவள்ளி என்று நினைத்து, அவிப்பதற்காகக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: அடுப்பில் ஏற்றிவிட்டார்களா? முதலில் அதைச் சொல்.

திருநகர் அக்கா: இல்லை, தட்டில்தான் இருக்கிறது.

பெரியப்பா: யாரும் வாயில் வைக்கக் கூடாது. பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கிழங்கு எப்படி வளைந்திருக்கிறதென்று சொல்.

திருநகர் அக்கா: வைத்துவிட்டேன். விரல் கனத்தில் இரண்டு கிளை, நடுவில் மடங்கி, ஏர்க்கலப்பை மாதிரி.

பெரியப்பா: கண்வலிக் கிழங்கு. அந்த வடிவத்தால்தான் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். வள்ளிக்கிழங்கின் இலை இதய வடிவில் இருக்கும், இலைநுனி ஒருநாளும் இப்படிச் சுருண்டு பிடிக்காது. இதில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் போகாது. முதலில் வாந்தியும் பேதியும் வரும், சாப்பாடு சேரவில்லை என்றே எண்ணத் தோன்றும். அதன் பிறகுதான் உள்ளுறுப்புகள் கெடும். வள்ளிக்கிழங்கென்று தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. எனக்குக் கை இன்னும் நடுங்குகிறது.

மேலூர் சித்தி: கடவுளே! ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதைக் காடு காடாகப் பயிர் செய்கிறார்களே. விதை மருந்துக்குப் போகிறது. காலையில் பூப்பூவாக, கையால் மகரந்தம் தொட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பூவைத் தெரியும், கிழங்கைக் கண்டதில்லை.

நான்: அப்படியானால் இது செங்காந்தள்! நம் மாநில மலர்.

பெரியப்பா: அதேதான். கார்த்திகைப் பூ என்பதும் இதையே. தாயி, தட்டையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். அந்தக் கிழங்கைக் குப்பையில் எறியாதே, மாடு தின்றுவிடும். வேறெங்கும் புதைத்தால் அங்கேயும் முளைக்கும். உறை மாட்டிக்கொண்டு, எடுத்த குழியிலேயே வைத்து மூடு.

திருநகர் அக்கா: செய்துவிட்டேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து அழுகிறார்கள். கார்த்திகைப் பூ என்றதும், “சின்ன வயதில் அழகர்மலை அடிவாரத்தில் இதைப் பறித்து விளையாடியிருக்கிறேனே, இலையைப் பார்த்துத் தெரியாமல் போயிற்றே” என்கிறார்கள். தலைகவிழ்ந்த பச்சை மொட்டு நான்கு இருக்கிறது. இப்போதே பிடுங்கிவிடவா?

பெரியப்பா: அத்தையிடம் போனைக் கொடு, நான் பேசுகிறேன். கொடியைப் பிடுங்க வேண்டாம். சுற்றிலும் கம்பிவலை கட்டு, பிள்ளையை அங்கே விடாதே. பூ வாடியதும் காயாக விடாமல் கிள்ளிவிடு. காய் வெடித்தால் விதை சிவப்பாக இருக்கும், பிள்ளை மணியென்று எடுத்துவிடும். தை மாதம் நான் வந்து கிழங்கோடு தோண்டி, நம் தோட்டத்து வேலிக்குக் கொண்டு போகிறேன்.

திருநகர் அக்கா (ஆறாம் நாள், காலை 6.40): முதல் பூ விரிந்துவிட்டது. ஆறு இதழும் பின்னுக்கு மடிந்து, ஓரமெல்லாம் நெளிநெளியாக, அடியில் பச்சையும் மேலே மஞ்சளும். சிவப்பு இன்னும் ஏறவில்லை. அத்தை வலைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.