கேலிப்ரேஷன் பிழை 0.18 பிக்சல், ஆனால் அளவு தப்பு: உங்களுக்கு நடந்ததுண்டா?

மூலைக்கல்
படத்திலிருந்து பொருளை அளக்கும் கேமராவின் கேலிப்ரேஷன் (லென்ஸின் குணங்களைக் கணக்கிட்டு அளவைச் சரிப்படுத்துவது), செஸ்போர்டுக் கட்டம் அச்சிட்ட போர்டைப் பல கோணங்களில் படமெடுக்கும் ஜாங் முறையில் செய்தது. ரீப்ரொஜெக்‌ஷன் பிழை (கணக்குப்படி புள்ளி விழ வேண்டிய இடத்துக்கும் படத்தில் விழுந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 0.18 பிக்சல், அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரத்தை வாங்க வந்தவர் பேசாமல் 20 மி.மீ. கேஜ் பிளாக்கை (துல்லியமான அளவுக் கட்டை) நடுவில் வைத்தார்: 20.00. அப்புறம் விரலால் மெல்ல மூலைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனார். திரையில் 20.02, 20.05, 20.11. யாரும் வாய் திறக்கவில்லை. அந்த விரலை இன்னும் மறக்க முடியவில்லை.

கேலிப்ரேஷன் செய்து கொடுத்தது வெளி ஆள். அவருடைய போர்டை அளந்தால் 25 மி.மீ. கட்டம் 24.3தான் இருக்கிறது. அச்சடிக்கும்போது தாளுக்குப் பொருத்தமாகச் சுருக்கிவிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு பிளாக் வைத்து ஸ்கேலைச் சரிக்கட்டியிருக்கிறார். கேலிப்ரேஷனில் வந்த லென்ஸ் குவியத்தூரம் கெட்டதற்கு இந்த அச்சுதான் காரணம்.

பிக்சல்பித்தன்
அதனால் குவியத்தூரம் கெடாது நண்பரே. இரு பக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் போர்டு இருக்கும் தூரக் கணக்குதான் மாறும். குவியத்தூரமும் டிஸ்டார்ஷன் (லென்ஸ் படத்தை வளைப்பது) எண்களும் அப்படியே இருக்கும். அளவு தப்பினாலும் நடுவிலும் மூலையிலும் ஒரே சதவீதம் தப்பும். உங்களுக்கு ஓரத்துக்குப் போகப் போக ஏறுகிறது. ஒன்று, போர்டை மூலைவரை கொண்டுபோய்ப் படம் எடுத்திருக்கமாட்டார். இல்லையென்றால் தாள் வளைந்திருக்கும்.

என் கதை, கட்டங்களுக்குப் பதில் வட்டங்கள் அச்சிட்ட போர்டு. வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம், சரி. ஆனால் நீள்வட்டத்தின் மையமும் வட்ட மையம் விழும் இடமும் ஒன்றல்ல. மிச்சப் பிழைகளை அம்புகளாக வரைந்து பார்த்தேன். கண்டபடி சிதற வேண்டியவை, ஒரே பக்கம் பார்த்து வரிசையாக நின்றன! சின்ன வட்டங்களுக்கு மாறியதும் அடங்கியது.

ஃபோகஸ்பூட்டு
எனக்கு நடந்தது சின்ன விஷயம்: ஆட்டோஃபோகஸை அணைக்காமல் கொடுத்த கேமரா, காலையில் ஓர் அளவு, மாலையில் வேறு. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லாரும் அந்தப் பிழை எண்ணையே நம்புகிறீர்கள். எடுத்த படங்களுக்கு மாடல் எவ்வளவு ஒட்டிப்போகிறது என்பதைத்தான் அது சொல்லும். படம் எடுக்காத மூலையைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? போர்டை நேருக்கு நேர் மட்டும் காட்டினால் குவியத்தூரத்தையும் தொலைவையும் பிரிக்கவே முடியாது. நன்றாகச் சாய்த்துக் காட்டுங்கள். சாதாரண செஸ்போர்டு முழுதும் படத்துக்குள் தெரிய வேண்டும் என்பதால்தான் மூலைகள் காலியாகின்றன. சாருக்கோ போர்டில் (கட்டங்களுக்குள் குறிகள் அச்சிட்ட செஸ்போர்டு) ஒவ்வொரு குறியும் தன் எண்ணைச் சொல்லும், பாதி வெளியே போனாலும் பரவாயில்லை. அட்டையில் ஒட்டாதீர்கள், கண்ணாடி, அலுமினியத் தகடு நல்லது. டிஸ்டார்ஷனுக்கு இன்னும் நாலு எண் சேர்த்தால் பிழை குறையும், ஓரம் தறிகெட்டுப் போகும். சில படங்களைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்துச் சோதியுங்கள். லென்ஸ் வளையங்களைத் திருகு போட்டுப் பூட்டுங்கள். அப்புறம்…

தட்டுமுட்டு
பாடம் யார் கேட்டார்கள் சார்? தலைப்பு “நடந்ததுண்டா” என்றுதான் இருக்கிறது.

எனக்கு நடந்தது: கேமரா 500 மி.மீ. உயரத்தில், தட்டின் தளத்துக்கு மட்டும் ஹோமோகிராஃபி (ஒரு தளத்தின் புள்ளிகளைப் படத்தின் புள்ளிகளோடு பொருத்தும் கணக்கு). வந்த பொருளோ 10 மி.மீ. தடிமன். மேல் விளிம்பு 490-இல் இருக்கிறது, 20 மி.மீ. வட்டம் 20.4 என்று வந்தது. பக்கத்திலிருந்தவர் வெர்னியரைக் காட்டி, “உங்கள் கேமராவுக்குக் கண்ணாடி போடுங்கள்” என்றார். கேலிப்ரேஷனில் ஒரு குற்றமும் இல்லை! இதை விளக்கி முடிப்பதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

நேர்க்கதிர்
தட்டுமுட்டு, டெலிசென்ட்ரிக் லென்ஸ் (தூரம் மாறினாலும் உருவ அளவை மாற்றாதது) போட்டால் அந்தத் தொல்லை போகும். ஆனால் பார்க்கும் பரப்பைவிட லென்ஸ் முகம் பெரிதாக இருக்க வேண்டும், விலையும் எடையும் அப்படியே. எங்களிடம் அதை மாட்டியபின் ஒருவர் பழைய ஜாங் நிரலையே ஓட்டினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு குவியத்தூரம், ஒவ்வொன்றும் பூதாகரம். தூரம் போனாலும் உருவம் சிறுக்காத படத்தில் அதைத் தேடினால் வேறென்ன வரும்? அவர் லென்ஸ் பழுது என்று திருப்பி அனுப்பச் சொன்னார்.