மார்க்டவுன் குறிப்பில் படத்தை இழுத்துச் சிறிதாக்கினால் போதுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
வடமோடி, தென்மோடி கூத்துப் படங்களை ஓப்சிடியனில் (மார்க்டவுனில், அதாவது சில குறிகளால் வடிவமைக்கும் எளிய எழுத்துமுறையில், குறிப்பெழுதும் செயலி) சேர்ப்பவர்களுக்கு இழுத்து அளவு மாற்றும் பிளகின் (செயலியில் சேர்க்கும் துணைநிரல்) ஒன்றே போதும். படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால், கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு நேர்கோடும் எண்ணும் தானாக எழுதப்படும். |400 என்றால் 400 பிக்சல் அகலம். உயரத்தைக் கொடுக்காமல் விடுங்கள், விகிதம் தானாக வரும். இரண்டையும் கொடுத்து அது பொருந்தாவிட்டால் கூத்தரின் கிரீடமும் முகமும் நசுங்கிப்போகும். பிடிக்காவிட்டால் எண்ணை அழித்தால் சரி, மூலப்படத்துக்கு ஒன்றும் ஆகாது.

கல்முனைக் கரை:
மூலப்படத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் பிரச்சினையே. திரையில் 400 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 4000×3000 படம். கைபேசிப் படம் ஒன்று 4 எம்பி என்று வையுங்கள், முப்பது படத்துக்கு 120 எம்பி. பகிர்ந்த கோப்புறையை டேட்டாவில் திறக்கிற பிள்ளைக்கு அவ்வளவும் இறங்கும். முதலில் அகலத்தை 1200 ஆக்கி, ஜேபெக் தரம் 80இல் சேமியுங்கள். பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வந்துவிடும். படங்களை மாற்றும் நிரலான இமேஜ்மாஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதால், வேறு கோப்புறையில் நகல் எடுத்த பிறகே ஓட்டவேண்டும்.

வாவிக்கரை:
மேடைப் படத்துக்குச் சரி. கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மாரின் கையெழுத்துக் கொப்பியை ஸ்கேன் பண்ணியதை 1200க்கு இறக்கிப் பாருங்கள். மங்கிய மையில் முதலில் மறைவது புள்ளிதான். க், க என்று பிரிக்க முடியாது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகிவிடும். கூத்துப் பாட்டைப் படிக்க வருகிறவருக்கு அந்தப் பக்கத்தால் பயனில்லை. போன பிக்சலைப் பிறகு பெருப்பித்து மீட்க ஏலாது.

படுவான்கரை:
இரண்டு பேரும் விட்ட ஒன்று இருக்கிறது. மார்க்டவுனின் பொது வரையறையான காமன்மார்க்கில் பட அளவுக்கு எழுத்துமுறையே கிடையாது. ![[பெயர்|400]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரும் எண்ணும் போடுவது ஓப்சிடியன் வழக்கம். அதே குறிப்பை கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தால் படத்துக்குப் பதில் வெறும் எழுத்துத்தான் தெரியும். ஆகவே வழமையான முறையில் ![விளக்கம்|400](பாதை) என்று எழுதுங்கள். ஓப்சிடியன் 400ஐ மதிக்கும். கிட்ஹப் அதை விளக்கத்தின் பகுதியாக எடுத்துப் படத்தை முழு அளவில் காட்டும், ஆனால் படம் வரும். பாதையில் இடைவெளி இருந்தால் உடையும், %20 போடவேண்டும்.

எச்டிஎம்எல் படக்குறியில் (<img>) அகலம் கொடுப்பதும் ஒரு வழி. ஆனால் குறியைத் தனி வரியில் போட்டு, கீழே வெற்று வரி விடாமல் எழுதினால், அடுத்த வரியின் உடுக்குறிகள் (**) தடித்த எழுத்தாக மாறாமல் அப்படியே நிற்கும். அந்தக் குறியின் style பண்புக்குள் அகலம் எழுதினால் கிட்ஹப் அதைக் கழற்றிவிடும்.

கல்முனைக் கரை:
இந்த எழுத்துமுறைக்கு நானும் சம்மதம், அண்ணன். முழு அளவில் காட்டினாலும் கோப்பே 1200 என்றால் கெடுதி இல்லை. அட்டவணைக்குள் மட்டும் நேர்கோட்டுக்கு முன் \ போடுங்கள், இல்லாவிட்டால் அது புதிய கட்டமாகப் பிரிந்துவிடும். 400இல் காட்டுகிற படத்தை 800க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், கைபேசித் திரையில் மங்கும். செங்குத்தாக எடுத்த படம் சிறிதாக்கியதும் படுத்துக்கிடந்தால், திசைத்தகவலைக் கருவி கழற்றிவிட்டது என்று அர்த்தம். முதலில் தானாகத் திருப்பும் தெரிவை ஓட்டி, பிறகு அகலத்தைக் குறையுங்கள்.

வாவிக்கரை:
மேடைப் படங்களுக்கு 1200 என்பதை ஏற்கிறேன். கொப்பி ஸ்கேனுக்கு ஏற்கமாட்டேன். அவை பிஎன்ஜியாக, முழு அளவில், டேட்டாவில் இறங்காத தனிக் கோப்புறையில் இருக்கட்டும். குறிப்பில் 800 அகல முன்னோட்டம் ஒன்றும், அதன் கீழே மூலத்துக்கு இணைப்பும் போடலாம். முன்னோட்டத்தைப் பார்த்து யாரும் பாட்டைப் பெயர்த்து எழுதக்கூடாது என்று அதிலேயே குறித்துவிடுங்கள்.