அன்றாடம் சைக்கிள் ஓட்டுபவர்களை நிகழ்வுகளுக்கு வரவழைப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சைக்கிள் நிகழ்வுகளுக்குப் பந்தய சைக்கிளும் அதற்குரிய உடையும் வைத்திருப்பவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். வேலைக்கும் கடைக்கும் தினமும் சைக்கிளில் செல்பவர்களோ, நேரில் அழைத்தாலும், தங்களுக்கு அங்கே இடமில்லை என்று ஒதுங்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் நெடும்பயணங்களைப் பற்றியே நாங்கள் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கிய சிக்லோவியா என்னும் பொது சைக்கிள் நிகழ்வில், மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்ட சாலைகளில், நேரக்கணக்கோ கட்டணமோ இன்றி எவரும் எந்தச் சைக்கிளிலும் கலந்துகொள்ளலாம். அதே எளிமையுடன், கடைசியாக வருபவருடன் ஒருவர் துணைக்குச் செல்லும் 10 கிலோமீட்டர் பயணமொன்றை நடத்த விரும்புகிறோம். இத்தகைய பயணங்களை நடத்தியவர்கள், எந்த நேரத்தில் வைத்தீர்கள், அழைப்பில் என்ன எழுதினீர்கள், முதன்முறை வந்தவர்கள் மறுமுறையும் வர எது உதவியது என்பதைத் தயவுசெய்து விரிவாகத் தெரிவியுங்கள்.