ஒன்பதாம் வகுப்பில் பேஸ்கட்பால் தொடங்குவது தாமதமா?

பாலக்கோடு அம்மா:
மகள் ஒன்பதாவது படிக்கிறாள். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். போன வருடம் வரை கோ-கோ ஆடினாள். சொல்லிக்கொடுத்த டீச்சர் மாறுதலாகிப் போனதும் டீம் கலைந்துவிட்டது. இப்போது பி.டி. சார் பேஸ்கட்பாலுக்கு வரச் சொல்கிறார். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே இன்னும் வரவில்லை. மாமியார் வீட்டில், "மூணாவது நாலாவதிலேயே சேர்த்திருக்கணும், இனிமேல் படிப்புதான் கெடும்" என்கிறார்கள். இந்த வயதில் தொடங்கி மேலே வந்தவர்கள் உண்டா?

ஓசூர் நைட் ஷிப்ட்:
உண்டு அக்கா. அமெரிக்காவில் ஆடிய பெரிய பேஸ்கட்பால் வீரர் டிம் டங்கன். கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். முதலில் அவர் நீச்சல்காரர், 400 மீட்டரில் நல்ல வேகம். அவருடைய அக்கா ஒருவர் 1988 ஒலிம்பிக்கிலேயே நீந்தியவர். 1989-ல் ஹியூகோ புயல் வந்து தீவில் இருந்த நீச்சல் குளத்தை நாசமாக்கிவிட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால் பையனுக்குச் சுறா பயம்! அடுத்த வருடம், பதினான்காவது பிறந்தநாளுக்கு முதல் நாள், மார்பகப் புற்றுநோயில் அம்மாவும் போய்விட்டார். அதோடு நீச்சலை விட்டார். பேஸ்கட்பாலைத் தொட்டது ஒன்பதாவதில்தான், உங்கள் மகள் மாதிரியே.

படிப்பு கெடும் என்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, முன்னாலேயே என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்கட்பால் லீக்) போக வாய்ப்பிருந்தும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து உளவியல் முடித்தார். 1997-ல் என்பிஏ டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் ஆளாக அவரை எடுத்தது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீம். பத்தொன்பது சீசனும் அதே டீம், ஐந்து கோப்பை.

நான் பார்க்க ஆரம்பித்தது கடைசிக் காலத்தில்தான். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் காலை ஆறரைக்கு ஃபைனல் தொடங்கும். டீயும் பன்னும் வைத்துக்கொண்டு போனில் பார்ப்பேன். ஃபைனல் என்றால் ஒரே ஆட்டம் இல்லை, முதலில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. 2013-ல் மயாமியோடு ஏழாவது, கடைசி ஆட்டம், முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, ஸ்பர்ஸ் இரண்டு பாயிண்ட் பின்னால். ரிங்குக்குப் பக்கத்தில் பந்து கையில். தினமும் போடுகிற ஷாட் அது. போகவில்லை. திரும்பி ஓடி வந்து தரையை ஓங்கி அறைந்தார். எப்போதும் முகத்தில் ஒன்றும் காட்டாத மனுஷன்! அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வருடம் அதே மயாமியை 4-1 என்று அடித்தார்கள், அப்போது அவருக்கு 38 வயது.

அவர் ஆட்டத்தில் பெரிய வித்தையெல்லாம் கிடையாது. பக்கவாட்டில் நின்று, போர்டில் பட்டு விழுகிற மாதிரி ஒரு ஷாட். பாப்பாவை அதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் அவர் உயரம் ஆறடி பதினொரு அங்குலம் என்பதை விட்டுவிட்டாயே! பெண் பிள்ளைக்கு நம்ம ஊர் ஆளைச் சொல்ல வேண்டாமா? சென்னை அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன், குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார், தெற்கு ரயில்வேயில் வேலை, 2021-ல் பத்மஸ்ரீ. மாமியார் வீட்டில் ரயில்வே வேலை என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கம்மா, பேச்சே மாறிவிடும்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
உயரம் விஷயம் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. பாப்பாவுக்கு இந்த வயதிலேயே ஐந்தடி எட்டு, அதுவும் சும்மா இல்லை.

பாலக்கோடு அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன். கோப்பைக் கணக்கெல்லாம் அவள் காதில் ஏறவில்லை, சுறா பயம் மட்டும் பிடித்துப்போயிற்று. ஒகேனக்கலில் முதலை இருக்கிறதென்று தண்ணீரில் கால்கூட வைக்காதவள். திங்கள்கிழமை கோர்ட்டுக்கு அனுப்புகிறேன். கோ-கோ ஆடிய கேன்வாஸ் ஷூ இதற்குப் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?