புதுப்பிப்பு: ஐப்டேசியா தொல்லை, ஆறு வாரங்களுக்குப் பிறகு

கிருஷ்ணகிரியில் என் வீட்டுப் பவளத் தொட்டிக்குள் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி (பாறையில் ஒட்டி வாழும், பூப்போன்ற கடல் விலங்கு) களைபோலப் பரவி, காளான் பவளங்களைக் கொட்டிச் சுருங்க வைக்கிறது, பிய்த்து எறியலாமா என்று இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். "கூடவே கூடாது" என்றீர்கள். அதற்குள் இரண்டைப் பிய்த்துவிட்டிருந்தேன். பாறையில் ஒட்டிய பாதத் துணுக்குகள் முளைத்து, பத்தே நாளில் ஏழாகிவிட்டன.

பிறகு சுண்ணாம்பு முறைக்கு மாறினேன். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ நீரில் கெட்டியாகக் குழைத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் ஐப்டேசியாவின் வாயின் மேல் மெல்ல இறக்க வேண்டும். கை பதறினால் உள்ளே சுருங்கிவிடும், பசை வீணாகும். பசை அருகிலுள்ள பவளத்தின் மேல் படவே கூடாது. ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் தொடவில்லை, நீரின் பிஎச் ஏறிவிடும் என்ற பயம். இருபது நிமிடம் கழித்து எச்சத்தை உறிஞ்சி எடுத்தேன்.

சிறியவற்றுக்காக, ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மிண்ட் இறால்கள் நான்கைப் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தேன். முதலில் கடைக்காரர் காட்டியது ஒட்டக இறால். கூன் முதுகையும் வெள்ளைக் கோடுகளையும் கண்டு மறுத்துவிட்டேன். அது மென்பவளங்களையே தின்னும். வாங்குபவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

இரவில்தான் வேட்டை. மூன்றாம் வாரத்தில் குட்டிகள் மறைந்தன. பெரியவற்றை இறால்கள் சீண்டவில்லை, அவற்றைச் சுண்ணாம்புதான் முடித்தது. மீன் தீவனத்தையும் பாதியாகக் குறைத்தேன். ஆனால் ஐப்டேசியாவின் உடலுக்குள் வாழும் பாசி ஒளியிலிருந்து உணவு தருவதால், பட்டினி மட்டும் இவற்றைக் கொல்லாது.

இப்போது பின்பக்கப் பாறையில் ஒன்று மிச்சம். காளான் பவளங்கள் நேற்று முழுதாக விரிந்தன.