கம்பளி நிலக்காட்சியில் இறுதி நுணுக்கங்கள்

கேள்வி:
சோப்பு நீரால் இறுக்கிய கம்பளியில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டக் குன்றுகளை அமைத்து, நன்கு உலர்த்தியும் விட்டேன். முன்புறப் புல், கற்சுவர், அப்பகுதிக்கே உரிய ஹெர்ட்விக் இனச் செம்மறியாடுகள் ஆகியவற்றை இனி எவ்வாறு சேர்ப்பது?

முதல் பதில்:
கற்சுவருக்கு, கம்பளி இழைகளைக் குத்திப் பிணைக்கும் முட்கள் கொண்ட ஃபெல்டிங் ஊசியே ஏற்றது. சாம்பல் நிற இழைகளை 38ஆம் எண் ஊசியால் குத்திப் பதித்து, அதைவிட மெல்லிய 40ஆம் எண் ஊசியால் விளிம்புகளைத் திருத்துங்கள். அடியில் தடித்த ஸ்பாஞ்ச் அவசியம்.

இரண்டாம் பதில்:
புல்லுக்கு நூல்தான் என் தேர்வு. நீளம் மாறும் நேர்த்தையல்களைக் கீழ் விளிம்பில் மட்டும் இட்டு, தொலைவுக் குன்றுகளைத் தொடாமல் விட்டால்தான் படத்தில் ஆழம் தோன்றும். தூரத்து ஆட்டுக்கு ஒரு பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றி இடும் சிறு முடிச்சுத் தையல்) போதும். ஹெர்ட்விக் குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறம் பெறுபவை, எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடாதீர்கள்.

கேட்டவர்:
தையலை முதலில் முடித்துவிடலாமா?

முதல் பதிலளித்தவர்:
வேண்டாம், ஃபெல்டிங் ஊசியின் முட்கள் நூலைப் பிய்த்துவிடும்.